கீழைக்காற்று அலையைக் கண்டுபிடிப்பது எப்படி: குமரி மாவட்டத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வங்கக்கடலில் தாழ்வு உருவாகிவிட்டதா, புயலாகுமா, என்ன பெயர்? ஆனால் பெயர் வைக்கும் நிலைக்கே போகாமல் மழையைக் கொட்டிவிட்டுப் போகிறவை எத்தனையோ இருக்கின்றன, அவற்றை யாரும் தேடுவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள் மூழ்கினவே, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானதே, அன்றைக்கு வரைபடத்தில் புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. கிழக்குக் காற்றோட்டத்துக்குள் குமரிக்கடல் பக்கமாக ஒரு மேலடுக்குச் சுழற்சி நின்றது, அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், நம் மாவட்டத்தில் இருக்கிறவர்கள், அதிலும் வீட்டிலிருந்து யாராவது கடலுக்குப் போகிறவர்கள், பெயருக்காகக் காத்திருக்காமல் கிழக்கிலிருந்து வரும் அலையையே நேரடியாகப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு செல்போன், ஒரு வரைதாள் நோட்டு, தினமும் கால் மணி நேரம், இது போதும்.

முதலில் அலை என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெப்பமண்டலக் கடல்களின் மேல் கீழ்மட்டக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. அந்த ஓட்டம் எப்போதும் நேர்கோடாக இருக்காது. சில இடங்களில் வடக்கே மேலேறி, மறுபடி தெற்கே இறங்கி ஒரு வளைவு போட்டுப் போகும். வரைபடத்தில் பார்த்தால் அந்தக் காற்றுக்கோடுகள் கூரையைப் பக்கவாட்டில் வரைந்தது மாதிரி இருக்கும்: கிழக்குச் சரிவில் காற்று தென்கிழக்கிலிருந்து ஏறி வருகிறது, உச்சியில் நேர் கிழக்கு, மேற்குச் சரிவில் வடகிழக்கிலிருந்து இறங்குகிறது. அந்த உச்சிகளை வடக்கு தெற்காக இணைத்து ஒரு கோடு போட்டால் அதுதான் அலையின் அகடு, அழுத்தம் குறைந்த அச்சு. இரண்டு அகடுகளுக்கு நடுவே அழுத்தம் சற்றுக் கூடிய முகடு இருக்கும். ஒரு அகட்டிலிருந்து அடுத்த அகட்டுக்கு ஏறத்தாழ 2000 முதல் 4000 கிலோமீட்டர். முழு வளைவும் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், ஓர் இடத்தை மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரு அகடு கடக்கும்.

நம் கடற்கரையில் காற்றைச் சொல்கிறபடியே சொன்னால், அகடு வரும் முன்னால் வாடைக்கொண்டல் (வடகிழக்குக் காற்று), அகடு தலைக்கு மேல் நிற்கும்போது நேர் கொண்டல் (கிழக்குக் காற்று), அகடு கடந்த பிறகு சோழக்கொண்டல் (தென்கிழக்குக் காற்று). இந்த வரிசை மட்டும் மனதில் நின்றுவிட்டால் போதும், மீதி எல்லாம் இதைச் சரிபார்க்கும் வேலைதான்.

இதில் பலரும் தடுமாறுவது ஓரிடத்தில். செயற்கைக்கோள் படத்தில் வெள்ளையாகத் தெரிகிற மேகக்கூட்டத்தையே அலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேகம் காலையில் பொங்கும், மதியம் கலையும், வேறு இடத்தில் முளைக்கும். காற்றின் வளைவு அப்படிக் கலைவதில்லை, நாள் கணக்காக ஒரே சீராக நகர்கிறது. மேகத்தைத் துரத்தினால் தினமும் புதுசாக ஏதோ வருகிற மாதிரித் தோன்றும். வளைவைப் பின்தொடர்ந்தால் ஒரே ஒரு அலைதான் தாய்லாந்து வளைகுடாவிலிருந்து நம் வாசல் வரை வந்திருக்கிறது என்பது புரியும்.

எங்கே பார்ப்பது, எந்த உயரத்தில் பார்ப்பது

வடக்கு அட்சம் 5 டிகிரியிலிருந்து 12 டிகிரி வரை, கிழக்குத் தீர்க்கம் 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை ஒரு நீளப் பட்டையை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வலது ஓரத்தில் தாய்லாந்து வளைகுடா, அதற்கடுத்து அந்தமான் கடல், நிக்கோபார், பிறகு தெற்கு வங்கக்கடல், இலங்கை, கடைசியாகக் குமரிக்கடலும் நாமும். இந்த அட்சங்களில் ஒரு டிகிரி தீர்க்கம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அலை வினாடிக்கு 6, 7 மீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு நாளைக்கு ஐந்து டிகிரி, கூடினால் ஆறு டிகிரி நகரும். கணக்கு எளிது: 93 டிகிரியில் இருக்கும் நிக்கோபாரில் இன்று அகடு என்றால், 77.5 டிகிரியில் இருக்கும் கன்னியாகுமரிக்கு மூன்று நாள். 105 டிகிரியில் தாய்லாந்து வளைகுடாவில் இருந்தால் ஐந்து, ஐந்தரை நாள். இலங்கையின் கிழக்குக் கரையில் திரிகோணமலைப் பக்கம் வந்துவிட்டால் மீதி ஒரு நாள்கூட இல்லை.

உயரம் ரொம்ப முக்கியம். தரைமட்டக் காற்றை நம்பி நம் மாவட்டத்தில் அலையைத் தேட முடியாது. பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைப்பு, இவை எல்லாம் சேர்ந்து திசையைக் குழப்பிவிடும். மன்னார் வளைகுடாவில் வேறு, வடகிழக்குக் காற்று நெருக்கிப் பிடித்துப் பாய்கிறது. அதனால் ஒன்றரை கிலோமீட்டர் உயரமும் மூன்று கிலோமீட்டர் உயரமும் பாருங்கள், வரைபடங்களில் அவை 850 மில்லிபார், 700 மில்லிபார் என்று இருக்கும். அலையின் வளைவு பொதுவாக இந்த இரண்டு உயரத்துக்கும் அதற்குச் சற்று மேலேயும்தான் நன்றாகத் தெரியும்.

காற்றை வரைபடத்தில் காட்டும் விண்டி (Windy) செயலி இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். உயரத்தை 850க்கு மாற்றுங்கள். மூன்று இடங்களில் குறி வையுங்கள்: ஒன்று நிக்கோபார் பக்கம் 93 டிகிரி, இரண்டாவது நடுக்கடலில் 85 டிகிரி, மூன்றாவது குமரிக்குத் தெற்கே கடலில் 77.5 டிகிரி, மூன்றுக்கும் அட்சம் 8 டிகிரி. ஒவ்வொன்றையும் தொட்டால் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது டிகிரியில் வரும். 45 என்றால் வடகிழக்கு, 90 என்றால் நேர் கிழக்கு, 135 என்றால் தென்கிழக்கு. அடுத்த ஐந்து நாளுக்கான எண்களை ஓட்டிப் பாருங்கள், 60, 65 என்று நின்றிருந்தது 90ஐத் தாண்டி 110, 120க்குப் போகிற நேரம்தான் அகடு கடக்கும் நேரம். மூன்று குறிகளிலும் அந்த நேரத்தை எழுதுங்கள். கிழக்கே முதலில், நடுவில் அடுத்து, நம்மிடம் கடைசியில் என்று சீராகப் பின்தங்கி வந்தால் அது நிஜமான அலை. ஒரே நேரத்தில் மூன்று இடத்திலும் திரும்பினாலோ, மேற்கே முதலில் திரும்பினாலோ அது வேறு ஏதோ, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

விண்டி காட்டுவது கணினி மாடலின் கணிப்பு, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையில் பறக்கவிட்ட பலூன் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். போர்ட் பிளேர், திருவனந்தபுரம், மினிக்காய் ஆகிய இடங்களில் வானிலைத் துறை, மேலே போகும்போது காற்றையும் ஈரத்தையும் அளந்து அனுப்பும் வானொலிப் பலூன் விடுகிறது. சர்வதேச நேரப்படி 00 மணி, 12 மணி, அதாவது நமக்குக் காலை 5.30, மாலை 5.30. அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தின் தளத்தில் அந்தப் பதிவுகள் கிடைக்கும். போர்ட் பிளேரில் 700 மில்லிபாரில் காற்று தென்கிழக்குக்குத் திரும்பிவிட்டது என்று பலூனே சொன்ன பிறகு நம்பலாம்.

கையால் வரைகிற படம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எர்னஸ்ட் ஹாவ்மோலர் என்பவர் 1949இல் கொடுத்த முறை, இன்றும் உலகம் முழுக்க வானிலை மையங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. வரைதாளில் குறுக்கே தீர்க்கம், இடது ஓரம் 75, வலது ஓரம் 105. மேலிருந்து கீழாக நாட்கள். தினமும் காலை 5.30 மணிக்கான இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தை எடுத்து, நாம் சொன்ன பட்டையில் எந்தெந்தத் தீர்க்கத்தில் அடர்ந்த வெண்மேகம் இருக்கிறதோ அந்த இடங்களை அந்த நாளின் வரிசையில் பென்சிலால் தீட்டுங்கள். அடுத்த நாள் அடுத்த வரிசை. எப்போதும் ஒரே மணிக்கான படமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கடலின் மேல் மேகம் விடியற்காலையில்தான் அதிகம் பொங்குகிறது, நிலத்தின் மேல் பிற்பகலில். ஒரு நாள் காலையும் மறுநாள் மாலையும் எடுத்தால் அலையே இல்லாத இடத்தில் அலை தெரியும்.

ஒரு வாரம் போனதும் தாளைப் பாருங்கள். தீட்டிய பகுதிகள் வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்குச் சரிவாக இறங்கினால் அது மேற்கே நகரும் அலை. அந்தச் சரிவின் மேல் ஒரு அளவுகோலை வையுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை டிகிரி என்று நேராகப் படித்துவிடலாம். அளவுகோலை அப்படியே கீழே நீட்டினால் 77.5ஐ எந்த நாளில் தொடும் என்பதும் வந்துவிடும். சரிவு படுத்துக்கிடந்தால் வேகமான அலை, செங்குத்தாக இருந்தால் மெதுவானது. நேர் செங்குத்தாக ஒரே தீர்க்கத்தில் நாள் கணக்காக இருந்தால் நகராமல் நின்றுகொண்டு பெய்கிறது என்று அர்த்தம், அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஒரே இடத்தில் வெள்ளம் வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

வீட்டிலேயே அழுத்தம் பார்ப்பது

பல செல்போன்களில் அழுத்தமானி இருக்கிறது, இலவச செயலி ஒன்று போட்டால் மில்லிபாரில் காட்டும். அலை வரும்போது அழுத்தம் குறையும் என்பது சரிதான், ஆனால் எவ்வளவு? ஒன்று, இரண்டு மில்லிபார், அவ்வளவே. அலை எதுவும் இல்லாத சாதாரண நாளிலேயே வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம், பிற்பகல் 4 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் தாழ்வு. காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் இடையே மட்டும் மூன்று மில்லிபார் அளவுக்கு இறங்கிவிடும். மதியம் அழுத்தம் குறைகிறதே என்று பதறுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே இன்றைய காலை 10 மணியை நேற்றைய காலை 10 மணியோடு மட்டும் ஒப்பிடுங்கள். நேற்று 1011.2, இன்று 1009.8 என்றால் குறைவு 1.4, இது அலையின் கைவேலையாக இருக்கலாம். நாளைக்கு இந்த வித்தியாசம் பூஜ்ஜியத்துக்கு வந்து, பிறகு கூடத் தொடங்கினால் அகடு உங்கள் வீட்டைத் தாண்டிவிட்டது. அட்லாண்டிக் கடலில் அலைகளை முதலில் பின்தொடர்ந்ததே இப்படித்தான்: கார்டன் டன் என்ற அமெரிக்க வானிலையாளர் 1940இல், தீவுகளின் 24 மணி நேர அழுத்த மாற்றத்தை வரைபடத்தில் குறித்து, குறைவும் கூடுதலும் மாறி மாறி மேற்கே நகர்வதைக் காட்டினார். செயற்கைக்கோள் இல்லாத காலம் அது. அந்தக் கருவி இப்போது நம் சட்டைப்பையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எட்டு மீட்டர் உயரம் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குப் போனாலே 0.3, 0.4 மாறிவிடும். போனை தினமும் ஒரே அலமாரியில் வைத்துப் பாருங்கள். குளச்சலில் இருக்கிறவர் எண்ணையும் குலசேகரத்தில் இருக்கிறவர் எண்ணையும் நேரடியாக ஒப்பிட முடியாது, ஆனால் இரண்டு பேருடைய 24 மணி நேர மாற்றத்தை ஒப்பிடலாம்.

மழை அகட்டுக்கு முன்னாலா, பின்னாலா

இதுதான் எல்லாவற்றிலும் சுவையான கேள்வி, அதே சமயம் ஒரே பதில் இல்லாத கேள்வி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போர்ட்டோ ரிக்கோவில் வேலை செய்த ஹெர்பர்ட் ரீல், கரீபியன் அலைகளை ஆராய்ந்து 1945இல் ஒரு வடிவத்தைக் கொடுத்தார்: அகட்டுக்கு முன்னால், அதாவது மேற்குப் பக்கம், காற்று விரிந்து இறங்குகிறது, வானம் தெளிவு, ஈரமான படலம் தாழ்ந்து கிடக்கிறது. அகட்டுக்குப் பின்னால் காற்று குவிந்து ஏறுகிறது, ஈரப்படலம் உயர்கிறது, மழை. அகடு உயரம் போகப் போகக் கிழக்கே சாய்ந்திருக்கும். பாடப்புத்தகங்களில் வருவது பெரும்பாலும் இந்தப் படம்தான். ஆனால் மேற்குப் பசிபிக்கில் ரிச்சர்ட் ரீட், எர்னஸ்ட் ரெக்கர் என்ற ஆய்வாளர்கள் 1967 ஜூலை முதல் செப்டம்பர் வரை கடந்த 18 குலைவுகளை, அதாவது அலைகளை, எடுத்து ஆராய்ந்து 1971இல் வெளியிட்டபோது, அங்கே காற்று வலுவாக மேலேறுவது அகட்டை ஒட்டியே இருந்தது. ஆப்பிரிக்க அலைகளிலோ அகட்டுக்கு முன்னாலேயே மழை அதிகம். ஒரே குடும்பம்தான், கடலுக்குக் கடல் மழை விழும் இடம் மாறுகிறது.

ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அலை நகரும் வேகத்தையும் அந்த உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். காற்று வேகம், அலை மெதுவு என்றால், காற்று கிழக்கிலிருந்து வந்து அகட்டுக்குள் நுழைந்து மேற்கே வெளியேறுகிறது. அகட்டை நெருங்க நெருங்கச் சுழிப்பு, அதாவது காற்று சுழலும் அளவு, கூடும், சுழிப்பு கூடினால் காற்றுத்தூண் நீள வேண்டும், நீள வேண்டும் என்றால் கீழே குவிய வேண்டும். ஆக, குவிதலும் மழையும் அகட்டுக்குக் கிழக்கே, நமக்கு அகடு கடந்த பிறகு. அலை வேகம், காற்று மெதுவு என்றால் எல்லாம் தலைகீழ், மழை அகட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். அலை மணிக்கு 25 கிலோமீட்டர், 850இல் கொண்டல் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் முதல் வகை. உங்கள் வரைதாள் அலை வேகத்தைத் தருகிறது, விண்டி காற்று வேகத்தைத் தருகிறது, வேறென்ன வேண்டும்.

நம் மாவட்டத்தில் இதோடு நிலத்தின் அமைப்பும் சேர்கிறது. அகட்டுக்கு முன்னால் வாடைக்கொண்டல் திருநெல்வேலிப் பக்கத்து நிலத்தின் மேல் வந்து, மலையைச் சுற்றியோ கணவாய் வழியாகவோ இறங்குகிறது, அதனால் ஈரம் குறைவு. சோழக்கொண்டல் வந்ததும் கதை மாறும். குமரிக்கடலின் ஈரம் தடையே இல்லாமல் நேராகக் கரையேறி, கீரிப்பாறை, பாலமோர், பேச்சிப்பாறை மலைகளின் சரிவில் ஏறுகிறது. கடற்கரையில் தூறல் என்றிருக்கும் அதே நேரத்தில் அணைப்பகுதியில் கொட்டித் தீர்ப்பது இப்படித்தான். பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்தால் அது திற்பரப்பு வழியாகக் குழித்துறை ஆற்றுக்குத்தான் வரும். கரையோரம் இருக்கிறவர்கள் தங்கள் வீட்டு மேகத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

நமக்கான சரியான பதிலை நாமேதான் தொகுக்க வேண்டும், அதற்கு ரீடும் ரெக்கரும் செய்த வழியையே எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் ஒவ்வொரு அலையையும் தனித்தனியாக விவரித்துக்கொண்டிருக்காமல், அலையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பதினெட்டையும் அகட்டுக்கு அகடு, முகட்டுக்கு முகடு பொருத்தி அடுக்கி, சராசரி எடுத்தார்கள். நீங்களும் ஒவ்வொரு அலைக்கும் அகடு கடந்த நேரத்தைப் பூஜ்ஜியம் என்று வையுங்கள். அதற்கு 24 மணி முன்னால், 12 மணி முன்னால், 12 மணி பின்னால், 24 மணி பின்னால் என்று கட்டம் போட்டு, மழை அளவு, காற்றின் திசை, அழுத்த மாற்றம் மூன்றையும் நிரப்புங்கள். தேதியை மறந்துவிட்டு பூஜ்ஜியத்தை மட்டும் பொருத்தி அடுக்குங்கள். ஒரு பருவத்தில் நாலைந்து அலை கிடைத்தாலே உங்கள் ஊருக்கு மழை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது வெளியே வந்துவிடும். மயிலாடிக்கும் மார்த்தாண்டத்துக்கும் வேறு வேறு விடை வரலாம், வரட்டும், அதுதான் வேண்டும்.

அலை வலுக்குமா என்று பார்ப்பது

வானிலைத் துறை அறிக்கையில் ஒரு சுழற்சி கடல் மட்டத்திலிருந்து 3.1 கிலோமீட்டர் வரை, அல்லது 5.8 கிலோமீட்டர் வரை நீடிக்கிறது என்று போடுவார்கள், உயரம் போகப் போகத் தென்மேற்காகச் சாய்கிறது என்றும் சேர்ப்பார்கள். இதை ஒதுக்கிவிட்டு மழை எச்சரிக்கைக்குத் தாவிவிடாதீர்கள். எத்தனை உயரம் என்பது அலை எவ்வளவு ஆழமானது என்று சொல்கிறது. நேற்று 1.5, இன்று 3.1, நாளை 5.8 என்று வளர்ந்தால் வலுக்கிறது. சாய்வு குறைந்து, கீழ்மட்டச் சுழற்சியும் மேல்மட்டச் சுழற்சியும் ஒன்றின்மேல் ஒன்று நேராக நிற்கத் தொடங்கினால் இன்னும் கவனம் வேண்டும்.

அப்புறம் 200 மில்லிபார், பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம். அங்கே காற்று அகட்டின் மேல் நாலாபக்கமும் விரிந்து வெளியேற வேண்டும், கீழே குவிகிற காற்றுக்கு மேலே வழி இருந்தால்தான் மேகம் நிற்கும். 850க்கும் 200க்கும் காற்றின் வேகமும் திசையும் அதிகமாக வேறுபட்டால், வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம், மேகத்தின் தலை ஒரு பக்கம் தள்ளப்பட்டு அலை வெறும் அலையாகவே போய்விடும், புயலாகாது. மழை மட்டும் பெய்யும். வேறுபாடு குறைவு, கடல் வெப்பம் 27 டிகிரிக்கு மேல், அகடு 5 டிகிரி அட்சத்துக்கு வடக்கே என்று மூன்றும் சேர்ந்தால் சுழற்சி இறுகும். பூமத்திய ரேகைக்கு மிக அருகில் பூமியின் சுழற்சி விசை போதாது என்பதால்தான் இந்த 5 டிகிரி.

ஒக்கி புயலை மறக்க முடியுமா. 2017 நவம்பர் 29 காலையில் இலங்கையின் தென்கிழக்கே தாழ்வு மண்டலம், நவம்பர் 30 காலையில் குமரிக்கடலில் புயல். ஒரே ஒரு நாள் இடைவெளி. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் தங்கல் தொழில் (நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) விசைப்படகுகள் அதற்கு எத்தனையோ நாளுக்கு முன்னாலேயே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தன. தாழ்வு மண்டலம் என்ற அறிவிப்பு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் கையில் ஒரு நாள்தான் இருக்கும், அதே குலைவை இன்னும் கிழக்கே இருக்கும்போதே பின்தொடர்ந்தால் மூன்று நாள், நான்கு நாள் கிடைக்கும். படகு புறப்படும் முன்னால் 105 டிகிரி வரை பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். மீன்வளத் துறையும் வானிலைத் துறையும் போக வேண்டாம் என்றால் போகக் கூடாது, அதில் பேச்சே இல்லை. நாமே பார்ப்பது அந்த எச்சரிக்கை வருவதற்கு முன்பே தயாராக இருக்க.

கிழக்கிலிருந்து வராத அலைகள்

முன்னால் சொன்ன குழப்பத்துக்கு வருவோம். உங்கள் தாளில் சில சமயம் சரிவு எதிர்ப்பக்கமாக, இடது மேலிருந்து வலது கீழாக இருக்கும். அது மேற்கிலிருந்து கிழக்கே போகிற கெல்வின் அலை. வினாடிக்கு 15 மீட்டர் அளவில் ஓடும், ஒரு நாளைக்கு 1300 கிலோமீட்டர், மாலத்தீவிலிருந்து சுமத்ராவுக்கு இரண்டே நாள். இது பூமத்திய ரேகையை ஒட்டியே போகும், காற்றை வடக்கு தெற்காகத் திருப்பாது. இது கீழைக்காற்று அலையை எதிர்கொள்கிற இடத்தில் மேகம் திடீரென்று பொங்கும், பிறகு கெல்வின் அலை கடந்துபோனதும் அடங்கும். மேகம் அப்படி ஒரு நாள் பொங்குவதைப் பார்த்துவிட்டு புயல் வருகிறது என்று குரல்பதிவு அனுப்புகிறவர்கள் அடுத்த நாள் படம் வரும்வரை பொறுக்க வேண்டும்.

இன்னொன்று பூமத்திய ராஸ்பி அலை. இதுவும் மேற்கே போகும், ஆனால் மெதுவாக. அடையாளம் எளிது: வடக்கே இலங்கைப் பக்கம் ஒரு சுழற்சி இருக்கும்போது அதே தீர்க்கத்தில் பூமத்திய ரேகைக்குத் தெற்கேயும் ஒரு இணைச் சுழற்சி இருக்கும். வரைபடத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த அலைகள் எல்லாம் ஒரே சமன்பாட்டிலிருந்து வருகின்றன என்பதை ஜப்பானியரான தாரோ மட்சுனோ 1966இல் காட்டினார். ராஸ்பி என்றால் மழை நாட்கள் நீளும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னணியில் எம்ஜேஓ, அதாவது மேடன், ஜூலியன் இருவரும் 1971இல் கண்டுபிடித்த 30 முதல் 60 நாள் சுழற்சி. இது கிழக்கு நோக்கி மெதுவாக நகரும் பெரிய மேகப் பரப்பு. ஆஸ்திரேலிய வானிலைத் துறை இதற்கு எட்டு கட்டம் போட்ட வட்டப்படம் வெளியிடுகிறது. கோடு நடுவட்டத்துக்கு வெளியே 2 அல்லது 3ஆம் கட்டத்தில் இருந்தால் இந்தியப் பெருங்கடல் தூண்டப்பட்டிருக்கிறது, அந்த நாட்களில் வரும் சாதாரண அலைகூட வலுக்க வாய்ப்பு அதிகம். 6, 7இல் இருந்தால் அதே மாதிரி அலை தூறலோடு போய்விடலாம். இரண்டு வாரத்துக்கு முன்னால் திட்டமிட உதவுவது இது ஒன்றுதான், தங்கல் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான படம் எனக்குத் தெரியவில்லை.

கள்ளக்கடலை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தெற்கே வெகுதூரத்தில் தென்பெருங்கடல் புயல்களிலிருந்து நீர்வழியாக வரும் வீங்கு அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையை அடிக்கும். அதற்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும், இந்த நோட்டில் அது தெரியாது.

இந்த முறை எல்லாம் அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நன்றாக வேலை செய்யும். பொங்கலுக்குப் பிறகு அலைகள் குறையும், ஆனால் நின்றுவிடாது, பிப்ரவரியிலும் ஒன்றிரண்டு வரும். கும்பப்பூ நெல் அறுவடை நெருங்குகிற நேரம் அது, வயல் வைத்திருக்கிறவர்கள் நிக்கோபார் குறியை அதுவரை விடாமல் பாருங்கள். மே கடைசியில் காற்று கச்சானாக, அதாவது மேற்குக் காற்றாக, திரும்பிவிட்டால் கீழ்மட்டத்தில் கிழக்கு ஓட்டமே இருக்காது, 850இல் வளைவைத் தேடிப் பயனில்லை. அந்த மாதங்களில் பழைய கட்டங்களைப் பொருத்தி அடுக்குகிற வேலையை வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஊரில் இதே போல எழுதுகிறவர் யாராவது இருந்தால் அவருடைய நோட்டோடு உங்கள் அகடு நேரங்களை ஒப்பிடுங்கள். கன்னியாகுமரிக்கும் நீரோடிக்கும் இடையே அகடு இரண்டு, மூன்று மணி நேரத்தில் கடந்துவிடும், அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் யாரோ ஒருவர் கடற்காற்றைப் பார்த்துக் குறித்திருக்கிறார், 850க்குப் போய் மறுபடி பாருங்கள்.